மூன்று அரசர்களும் இருநூறு தொழிலாளிகளும்

சரித்திர புஸ்தகங்களில் சில வருஷங்களுக்குத் தனி மரியாதை உண்டு. இங்கிலாந்தின் சரித்திரத்தில் 1066, 1688, 1832 ஆகியவை அத்தகையவை. பரீட்சைக்குப் போகும் பையன் வேறு எதை மறந்தாலும் இவற்றை மறக்கமாட்டான். 1936-ம் வருஷத்துக்கு அந்தப் பாக்கியம் முழுதும் கிட்டவில்லை. "மூன்று அரசர்கள் இருந்த வருஷம்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, ஆசிரியர்களாகிய நாமும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் அந்தப் பன்னிரண்டு மாதங்களைச் சற்று நிதானமாகப் புரட்டிப் பார்த்தால், அந்த நாட்டில் யாருடைய துயரம் மந்திரிசபை வரை எட்டியது, யாருடைய துயரம் வாயிற்படியோடு நின்றது என்பது நன்றாகத் தெரியவரும்.

வருஷம் துக்கத்தோடு பிறந்தது. ஜனவரி 20-ந் தேதி, நள்ளிரவுக்குச் சற்று முன்பு, ஸாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் காலமானார். அந்த மரணத்திலே ஒரு ரகசியம் இருந்தது. அது வெளிவர ஐம்பது வருஷம் ஆயிற்று. மன்னரின் வைத்தியர் டாஸன் பிரபு எழுதி வைத்திருந்த குறிப்புகள் 1986-ல் பிரசுரமாயின. மரணத் தறுவாயில் இருந்தவருக்கு மார்பின் முதலிய மருந்துகளை ஊசி மூலம் செலுத்தி, முடிவை அவர் துரிதப்படுத்தியிருந்தார். மன்னரின் வேதனையைக் குறைப்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், செய்தி மாலைப் பத்திரிகைகளில் முந்தி வந்துவிடாமல், கௌரவம் மிக்க 'டைம்ஸ்' பத்திரிகையின் காலைப் பதிப்பில் வர வேண்டும் என்பது! சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யத்தின் அதிபதிக்கு, யமதர்மனின் கணக்கோடு அச்சுக்கூடத்தின் கடிகாரமும் சேர்ந்து நேரம் குறித்தது.

மூத்த குமாரர் எட்டாம் எட்வர்ட் பட்டத்துக்கு வந்தார். இவரை நம் தேசத்தார் முன்பே அறிவர். பட்டத்திளவரசராக 1921-ல் இந்தியாவுக்கு வந்தபோது, காங்கிரஸின் கட்டளைப்படி ஜனங்கள் வரவேற்பைப் பகிஷ்கரித்து ஹர்த்தால் நடத்தினார்கள். ஆனால் சொந்த நாட்டில் அவருக்கு அபாரமான செல்வாக்கு இருந்தது. பழைய சம்பிரதாயங்களில் சலிப்புக் கொண்ட வாலிப மன்னர் என்று மக்கள் அவரைக் கொண்டாடினார்கள்.

அரண்மனையை விட்டு இப்போது வடகிழக்கு இங்கிலாந்துக்குப் போவோம். டைன் நதிக்கரையில் ஜாரோ என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆங்கில மக்களின் சரித்திரத்தை எட்டாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்த பீட் என்னும் துறவி வாழ்ந்த புண்ணிய ஸ்தலம் அது. பிற்காலத்தில் பாமர் கம்பெனியின் கப்பல் கட்டும் துறையே அந்த ஊருக்கு அன்னதாதாவாக விளங்கியது. அங்கே உருவாகி மிதந்த கப்பல்கள் ஏறக்குறைய ஆயிரம். உலக வியாபாரம் சீர்குலைந்தபோது அந்தக் கம்பெனி நொடித்தது. மற்றக் கப்பல் முதலாளிகள் கூடி அமைத்த ஸ்தாபனம் ஒன்று 1934-ல் அந்த இடத்தை விலைக்கு வாங்கி, நாற்பது வருஷங்களுக்கு அங்கே கப்பலே கட்டக்கூடாது என்று நிபந்தனை விதித்துவிட்டது. ஊரில் பத்துப் பேரில் ஏழு பேருக்கு வேலை இல்லை. முறையிடப் போனவர்களிடம் வர்த்தக மந்திரி ரன்ஸிமன், ஜாரோ தன் கதிமோட்சத்தைத் தானே தேடிக்கொள்ள வேண்டியதுதான் என்ற கருத்தில் பதில் சொல்லி அனுப்பினார்.

அக்டோபர் 5-ந் தேதி, தேர்ந்தெடுக்கப்பட்ட இருநூறு தொழிலாளிகள் லண்டனை நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டார்கள். தூரம் சுமார் 300 மைல். பதினோராயிரத்துக்கும் அதிகமான பேர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தை ஒரு கருவாலி மரப் பெட்டியில் வைத்துச் சுமந்து சென்றார்கள். கூடவே வாயிசைக் கருவிகள் வாசிக்கும் கோஷ்டி ஒன்றும், தானாகச் சேர்ந்துகொண்ட ஒரு நாயும்! வழியில் உணவுக்காகக் கொடுத்த ரொட்டியிலிருந்து இறைச்சித் துண்டை மட்டும் எடுத்து, ஒருவர் தபால் உறையில் வைத்தாராம். ஆறு வாரமாக இறைச்சியைக் காணாத தம் வீட்டாருக்கு அனுப்புவதற்காக! உடன் சென்ற பத்திரிகையாளர் ஒருவர் பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். தொழிலாளர் கட்சியின் தலைமையே இந்த யாத்திரைக்கு ஆதரவளிக்கத் தயங்கியது. ஆனால் மாற்றுக் கட்சியான கன்ஸர்வேடிவ்காரர்கள் சில ஊர்களில் அவர்களை உபசரித்து உணவளித்தார்கள். கட்சியை விடப் பசி பெரிது என்பதைச் சாமானிய ஜனங்கள் தலைவர்களுக்கு முன்பே புரிந்துகொண்டு விடுகிறார்கள்.

அவர்களோடு வழியில் பல கட்டங்களில் நடந்து சென்ற ஒரு மாதரசியைப் பற்றி இங்கே சொல்லாதிருக்க முடியாது. ஜாரோவின் பார்லிமெண்டு அங்கத்தினரான எல்லன் வில்கின்ஸன், ஐந்தடிக்கும் குறைந்த உயரமும் செந்நிறக் கூந்தலும் உடையவர். 1932-ல், அடக்குமுறை தலைவிரித்தாடிய நாட்களில், வி. கே. கிருஷ்ண மேனனுடன் இந்தியா லீகின் தூதுகோஷ்டியில் நம் நாட்டுக்கு வந்து நிலைமையை நேரில் கண்டு சென்றவர் இவரே. அந்தக் கோஷ்டியின் அறிக்கையை ஸர்க்கார் இந்தியாவில் தடை செய்தது. ஜாரோவின் பசியையும் இந்தியாவின் அவதியையும் ஒரே கண்ணால் பார்க்கத் தெரிந்தவர் அவர்.

யாத்திரை தொடங்குவதற்கு முதல் நாள், லண்டனின் கிழக்குப் பகுதியில் வேறொரு சம்பவம் நடந்தது. ஹிட்லரையும் முஸோலினியையும் பின்பற்றி ஆஸ்வால்ட் மோஸ்லி திரட்டியிருந்த கருஞ்சட்டைப் படையினர், யூதர்கள் வாழும் தெருக்கள் வழியே ஊர்வலம் போக முயன்றார்கள். யூதர்களும், ஐரிஷ் துறைமுகத் தொழிலாளிகளும், பொதுவுடைமைக் கட்சியினரும் தோளோடு தோள் நின்று கேபிள் தெருவில் தடையரண் எழுப்பிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான போலீஸார் இருந்தும் ஊர்வலம் கைவிடப்பட்டது. அரசியல் கட்சிகள் சீருடை அணிவதைத் தடுக்கும் சட்டம் அந்த வருஷமே நிறைவேறியது.

நவம்பர் 2-ந் தேதி, அலெக்ஸாண்ட்ரா மாளிகையிலிருந்து பி.பி.ஸி.யின் டெலிவிஷன் ஒலிபரப்பும் ஒளிபரப்பும் ஆரம்பமாயின. தூரத்தில் நடப்பதை வீட்டில் உட்கார்ந்தபடியே காணும் விந்தையைச் சில நூறு குடும்பங்கள் அனுபவித்தன. இரண்டு நாள் கழித்து, நவம்பர் 4-ல், ஜாரோவின் விண்ணப்பத்தை எல்லன் வில்கின்ஸன் பார்லிமெண்டில் சமர்ப்பித்தார். சில நிமிஷங்களில் காரியம் முடிந்தது. சபை வேறு அலுவலைக் கவனிக்கத் தொடங்கியது. பிரதம மந்திரி பால்ட்வின் தொழிலாளிகளைப் பார்க்கவே மறுத்துவிட்டார். ரயிலேறி ஊர் திரும்பியவர்களுக்கு மற்றொரு வெகுமதியும் காத்திருந்தது. நடைப்பயணம் சென்ற நாட்களில் அவர்கள் வேலைக்குத் தயாராக இல்லை என்று சொல்லி, உதவிப் பணத்தில் பிடித்தம் செய்துவிட்டார்கள்!

அதே நவம்பரில் மன்னர் எட்வர்ட் தெற்கு வேல்ஸுக்குச் சென்றார். டௌலேயில் மூடிக் கிடந்த இரும்பு ஆலையைப் பார்த்து, இவர்களுக்கு வேலை கிடைக்க ஏதேனும் செய்தாக வேண்டும் என்றார். ஜனங்கள் உள்ளம் நெகிழ்ந்தார்கள். அவர்களுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. இரண்டு நாள் முன்புதான், நவம்பர் 16-ந் தேதி, வாலிஸ் ஸிம்ப்ஸன் என்னும் அமெரிக்க மாதை மணக்கப்போவதாகவும், அவசியமானால் சிம்மாசனத்தை விட்டு விலகத் தயார் என்றும் அவர் பால்ட்வினிடம் கூறியிருந்தார். அந்த மாது இரு முறை விவாகரத்துப் பெற்றவர். முன்னாள் கணவர் இருவரும் உயிரோடு இருந்தனர். ஆங்கிலத் திருச்சபையின் தலைவரான மன்னர் அவரை எப்படி மணப்பது? அமெரிக்கப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதிய இவ்விஷயத்தை, பிரிட்டிஷ் பத்திரிகைகள் டிசம்பர் 3-ந் தேதி வரை மூச்சு விடவில்லை.

நவம்பர் 30-ந் தேதி இரவு, 1851-ம் வருஷப் பொருட்காட்சிக்காகக் கட்டப்பட்ட பளிங்கு மாளிகை தீப்பற்றி எரிந்து சாம்பலாயிற்று. அடுத்த பதினோரு நாட்களில் அரசரின் கிரீடமும் இறங்கியது. டிசம்பர் 10-ந் தேதி ராஜினாமாப் பத்திரத்தில் எட்வர்ட் கையொப்பமிட்டார்; மறுநாள் பார்லிமெண்டு அதைச் சட்டமாக்கியது; அன்றிரவே ரேடியோவில் பேசிவிட்டு அவர் தேசத்தை விட்டுப் புறப்பட்டார். தம்பி ஆறாம் ஜார்ஜ் அரசரானார். பத்து வயதுப் பெண் குழந்தை எலிஸபெத் அடுத்த வாரிசாயிற்று.

இந்த நெருக்கடியில் பால்ட்வின் கனடா, ஆஸ்திரேலியா முதலிய டொமினியன் நாடுகளின் அபிப்பிராயத்தைக் கேட்டறிந்தார். எட்வர்ட் இந்தியாவுக்கும் சக்கரவர்த்தி. ஆயினும் முப்பது கோடிக்கும் மேற்பட்ட இந்திய மக்களின் அபிப்பிராயத்தை ஒருவரும் கேட்கவில்லை. அந்த வகையில் ஜாரோவும் இந்தியாவும் ஒரே வரிசையில்தான் நின்றன.

காலம் கணக்கைத் தீர்க்காமல் விடவில்லை. ஆறாம் ஜார்ஜே இந்தியாவின் கடைசிச் சக்கரவர்த்தி ஆனார். 1947-ல் நாம் சுதந்திரம் பெற்றோம். 1948 ஜூன் மாதம் அந்தப் பட்டமும் மறைந்தது. 1945-ல் தொழிலாளர் கட்சி மகத்தான வெற்றி பெற்றபோது எல்லன் வில்கின்ஸன் கல்வி மந்திரியானார். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பால் வழங்கவும், பதினைந்து வயது வரை எல்லோரும் படிக்கவும் வழி செய்துவிட்டு 1947-ல் மறைந்தார். பதில் பெறாத அந்த விண்ணப்பத்துக்கு அவரே ஒருவாறு பதில் எழுதிவிட்டார் என்று சொல்லலாம்.

இனிமேல் வகுப்பில் 1936-ம் வருஷத்தைப் பற்றிக் கேட்கும்போது, மூன்று அரசர்களின் பெயர்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். படத்தைக் கொடுத்து, ஜாரோ எங்கே இருக்கிறது என்றும் காட்டச் சொல்வோம்.