கோட்டையில் நடக்கவேண்டுமாம் திருமணம்!

அண்மையில் எமது அலுவலகத்துக்குப் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். 1986ஆம் ஆண்டில் ஜேர்மனிக்கு வந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உணவகச் சமையலறைகளில் நின்று உழைத்து, இப்போது ஓய்வுபெற்றிருப்பவர். மகளின் திருமண அறிவித்தலைத் தரவே வந்திருக்கிறார் என நாம் எண்ணினோம். அவரோ அமர்ந்ததும் அமராததுமாக, "தம்பி, கோட்டையிலதான் கலியாணம் வேணும் எண்டு மகள் ஒற்றைக்காலில நிக்கிறாள். மாப்பிள்ளைப் பெடியனும் ஓம் எண்டிட்டான். அந்தக் காலத்து ராசா ராணி உடுப்பாம், குதிரையாம், தீப்பந்தமாம். இதுக்கு நான் எவ்வளவு கடன்படவேணும்?" என்று கேட்டார்.

சிரித்து அனுப்பிவிடக்கூடிய கேள்வியன்று இது. அவருடைய குரலில் கோபத்தைவிடக் கலக்கமே மிகுந்திருந்தது. ஊரிலே பந்தலிட்டு, வாழை நட்டு, அயலவர் கூடிச் சமைத்த திருமணங்களையே அவர் அறிவார். மகள் கேட்பதோ அவர் கண்டறியாத ஒன்று.

ஆயினும், அந்தக் கனவு மகளுக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். அவள் இங்கே பிறந்தவள். கிறிம் சகோதரர்கள் 1812ஆம் ஆண்டில் முதலில் வெளியிட்ட கதைகளைப் பாலர் பள்ளியிலே கேட்டு வளர்ந்தவள். நாமோ அந்த நாள்களில் இரண்டு வேலைகளுக்கு ஓடிக்கொண்டிருந்தோம். விக்கிரமாதித்தன் கதையும் நல்லதங்காள் கதையும் சொல்ல எமக்கு நேரம் இருக்கவில்லை. பிள்ளை தான் கேட்ட கதையின் கோட்டையைத்தானே கேட்பாள்?

அந்தக் கோட்டைகளுக்குள் முற்காலத்திலே திருமணங்கள் எவ்வாறு நடந்தன என்பதை அறிந்துகொண்டால், எதை எடுப்பது, எதை விடுவது என்பது தெளிவாகும். அதற்கு நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை.

ஜேர்மனியின் பவேரியா மாநிலத்தில் லாண்ட்ஸ்ஹூட் என்னும் நகரம் உள்ளது. 1475ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி அங்கே ஒரு பெருந்திருமணம் நடைபெற்றது. மணமகன், 'செல்வந்தர்' என்று பெயர்பெற்ற கோமகன் லூட்விக்கின் மகன் கெயோர்க், வயது 20. மணமகள், போலந்து மன்னன் நான்காம் கசிமிரின் மகள் ஹெட்விக், வயது 18. பேரரசர் மூன்றாம் பிரெடெரிக் நேரில் வந்திருந்தார். விருந்தினர் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர். 323 எருதுகளும், 11,500 வாத்துகளும், 40,000 கோழிகளும், 194,345 முட்டைகளும் செலவானதாகக் கணக்கு உண்டு. மொத்தச் செலவு அறுபதாயிரம் பொற்காசுகளுக்கு மேல். வந்த விருந்தினர் மாத்திரமன்றி நகர மக்களும் நாட்கணக்காகக் கோமகனின் செலவிலேயே உண்டனர்.

பின்னர் நகர மண்டபச் சுவர்களில் இத்திருமண ஊர்வலம் ஓவியமாகத் தீட்டப்பட்டது. அந்த ஓவியங்களைக் கண்டு ஊக்கமுற்ற ஊர்மக்கள் 1903ஆம் ஆண்டு முதல் அதனை விழாவாக நடித்துக் காட்டத் தொடங்கினர். இன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நகரவாசிகள் அக்கால உடையில் வீதிக்கு வருகின்றனர். கைக்கடிகாரமோ மூக்குக்கண்ணாடியோ அணிய அவர்களுக்கு அனுமதியில்லை. ஆண்கள் பல மாதங்கள் முன்னரே தலைமுடி வளர்க்கத் தொடங்கிவிடுவர். கொரோனாத் தொற்றினால் தள்ளிப்போன விழா 2023ஆம் ஆண்டுக் கோடையில் நடந்தது.

ஊர்வலத்திலே தங்கத் தேரில் அமர்ந்து கையசைக்கும் மணமகளைக் கண்டு எல்லோரும் மகிழ்கின்றனர். உண்மையான ஹெட்விக்கோ கிராக்கோவ் நகரிலிருந்து ஏறத்தாழ இரண்டு மாதங்கள் பயணஞ்செய்து வந்தவள். மணமகனை முன்பின் கண்டதில்லை. அவனுடைய மொழி அவளுக்குத் தெரியாது. அவளுடைய மொழி அவனுக்குத் தெரியாது. தேவாலயத்தில் அவள் அழுதாள் என்று கூறப்படுகிறது. இருநாட்டு அரசியல் உறவுக்காகவே அத்திருமணம் பேசப்பட்டது. பிற்காலத்தில் அவள் கணவனின் அரண்மனையைப் பிரிந்து, ஒரு கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கும் புர்க்ஹவுசன் கோட்டையில் வாழ்ந்து, 1502ஆம் ஆண்டில் இறந்தாள். ஆண் வாரிசு எஞ்சாமையால், அடுத்த ஆண்டில் கணவனும் இறந்தபின் நாட்டிலே வாரிசுரிமைப் போர் மூண்டது.

முன்பின் காணாத ஒருவரை நம்பி, தெரியாத மொழி பேசும் நாட்டுக்கு, முகவரின் கையில் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டுத் தனியே புறப்பட்ட பெண்கள் எம்மிடையே எத்தனை பேர்! பல மாதங்கள் வழியிலே தங்கி வந்தவர்களும் உண்டு. ஹெட்விக்கின் கதை எம் தாய்மாருக்குப் புதிதன்று.

இளையோர் 'மத்தியகாலம்' என்று எண்ணும் பல பொருள்கள் மத்தியகாலத்துக்கு உரியனவும் அல்ல. வெண்ணிற மணவுடை பரவியது, இங்கிலாந்து அரசி விக்ரோறியா 1840ஆம் ஆண்டில் வெள்ளையுடுத்து மணந்த பின்னரே. அதற்கு முன் மணமகள் தன்னிடமுள்ள ஆடைகளில் மிகச் சிறந்ததை அணிந்தாள். அது சிவப்பாகவும் நீலமாகவும் இருந்தது. அவ்வகையில், எமது சிவப்புக் கூறைச்சேலையே வெள்ளைக் கவுணைவிட அக்காலத்துக்கு நெருக்கமானது! படங்களில் நாம் காணும் 'தேவதைக் கோட்டை'யான நொய்ஸ்வான்ஸ்டைன், 1869ஆம் ஆண்டில்தான் கட்டத் தொடங்கப்பட்டது. அதனைக் கட்டிய மன்னன் இரண்டாம் லூட்விக், நிச்சயித்த திருமணத்தை 1867ஆம் ஆண்டிலேயே முறித்துக்கொண்டவன், பின்னர் மணஞ்செய்யவேயில்லை. கோட்டைகள் கட்டிக் கட்டிப் பெருங்கடனில் மூழ்கி, 1886ஆம் ஆண்டில் ஆட்சியுரிமையையும் உயிரையும் இழந்தான்.

இவற்றையெல்லாம் அறிந்த பின்னரும் கோட்டைத் திருமணம் வேண்டும் என்று ஒரு பெண் விரும்பினால், அதில் தவறில்லை. ஆனால் முன்கூட்டியே கவனிக்கவேண்டியவை சில உள்ளன.

முதலாவது, சட்டம். ஜேர்மனி முழுவதிலும் 1876ஆம் ஆண்டு முதல் அரச பதிவே சட்டபூர்வமான திருமணம்; ஐயர் நடத்தும் சடங்கு மாத்திரம் போதாது. நல்வாய்ப்பாக, பல நகரங்களின் பதிவு அலுவலகங்கள் பழைய கோட்டைகளிலும் மாளிகைகளிலும் பதிவு மண்டபங்களை வைத்திருக்கின்றன. இங்கிலாந்திலும் 1995ஆம் ஆண்டு முதல் அனுமதிபெற்ற கோட்டைகளிலும் விடுதிகளிலும் பதிவுத் திருமணம் செய்யலாம். பிறப்புச் சான்றிதழை ஊரிலிருந்து பெற்று, மொழிபெயர்ப்பித்து, உறுதிப்படுத்தவேண்டிய நிலையிலுள்ளோர் அதனை முதலிலே செய்துவிட வேண்டும். கோட்டைக்கு முற்பணம் கட்டியபின் பத்திரத்துக்கு அலைவது பெருந்துன்பம்.

இரண்டாவது, இடம். கோட்டைகளின் பதிவு மண்டபங்கள் பெரும்பாலும் சிறியவை. அறுநூறு பேரை அழைக்கும் எமது வழக்கம் அங்கே செல்லாது. பழைய மரக்கூரைகளின் கீழ்த் தீ வளர்க்க அனுமதி கிடைப்பது அரிது. ஓமகுண்டம் வேண்டுமெனில் முதலிலேயே எழுத்தில் கேட்டறிய வேண்டும். படிக்கட்டுகள் செங்குத்தானவை. பாட்டி எவ்வாறு மேலே ஏறுவார் என்று பார்க்காமல் நாள் குறிக்கலாகாது.

மூன்றாவது, உடை. புதிதாகத் தைப்பித்தால் செலவு மிகும். நாடக அரங்குகளுக்கு உடை வழங்கும் கடைகளில் வாடகைக்குப் பெறலாம். விருந்தினர் எல்லோரையும் வேடம் பூணும்படி கேட்டால், அவர்களின் பணப்பையிலும் நாம் கைவைத்தவர்களாவோம்.

நான்காவது, விருந்து. இங்கேதான் எமக்கு வியப்பு. கொலம்பஸ் 1492ஆம் ஆண்டில் அமெரிக்காவை அடையும்வரை ஐரோப்பாவில் உருளைக்கிழங்கும் தக்காளியும் மிளகாயும் இல்லை. எமது ஊரிலும் அப்போது மிளகாய் இல்லை, உறைப்புக்கு மிளகுதான். அரசர் வீட்டு விருந்தில் மதிப்புப் பெற்ற மிளகும் இஞ்சியும் மலையாளக் கரையிலிருந்தும், கறுவா இலங்கைத் தீவிலிருந்தும் சென்றன. தடித்த பாண் துண்டுகளையே தட்டுகளாக வைத்துப் பெரும்பாலும் கையாலேயே உண்டனர். வாழையிலையில் கையால் உண்டு பழகிய எம்மவர்க்கு இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

இறுதியாக, பணம். லாண்ட்ஸ்ஹூட் கோமகன் கருவூலத்திலிருந்து செலவிட்டான், ஊருக்கே சோறிட்டான். நாமோ சீட்டை முன்கூட்டியே கழிவுக்கு எடுத்து, வங்கியிலும் வட்டிக்கும் வாங்கி, ஒரு நாள் நிழற்படத்துக்காகப் பத்து ஆண்டுகள் உழைக்கின்றோம். அந்தப் பத்து ஆண்டுகளும் மணமக்களின் இளமைக்காலம் என்பதை மறந்துவிடுகின்றோம். கையிலுள்ள தொகையை முதலில் எழுதி, அதற்குள் அடங்குவதை மாத்திரம் வைத்துக்கொள்வதே நேர்வழி. குதிரையை விடலாம், தீப்பந்தத்தை விடலாம், பாட்டியை விடமுடியாது.

இவற்றையெல்லாம் பெரியவரிடம் எடுத்துரைத்தோம். மகளோடு அமர்ந்து பேசும்படியும் கேட்டுக்கொண்டோம். இரண்டு வாரங்களின் பின் தொலைபேசியில் அழைத்தார். கோட்டையில் நாற்பது பேருடன் பதிவு; மறுநாள் கோவில் மண்டபத்தில் தாலிகட்டு. குதிரை இல்லை. கடனும் இல்லை. மகள் கூறைச்சேலையுடனேயே கோட்டைப்படி ஏறப்போகிறாளாம்.

ஹெட்விக்கின் கதையையும் மகளுக்குச் சொன்னதாகக் கூறினார். அதைக் கேட்டதும் மகள், "அம்மாவும் அப்பிடித்தானே வந்தவ?" என்று கேட்டாளாம். தாய் வந்த பயணத்தைப் பற்றி அந்த வீட்டில் முதன்முறையாக அன்றிரவுதான் பேசப்பட்டதாம். கோட்டையும் நாளும் துணைவனும் தானே தேர்ந்தவை என்பதை அந்தப் பெண் அன்று உணர்ந்திருப்பாள் என்றே நாம் நம்புகின்றோம்.

தொலைபேசியை வைக்குமுன் பெரியவர் மேலும் ஒன்று சொன்னார்: "தம்பி, கோட்டைச் சாப்பாடு என்ர பொறுப்பு. மிளகாயே போடாமல் மிளகிலயும் இஞ்சியிலயும் கறி வைக்கப்போறன். நீங்கள் எல்லாரும் வரவேணும்."

நாம் செல்லவிருக்கின்றோம்.