தோட்டத்தில் செயலி திறக்கத் தாமதமா? சர்வரையும் கொஞ்சம் கவனியுங்கள்

செம்பனைத் தோட்டங்களின் உட்புறத்தில் கைப்பேசிக்கு ஒரு கோடு சிக்னல் கிடைப்பதே சில நேரம் பெரும்பாடு. அங்கிருந்து ஒரு தாய், தமிழ்ப்பள்ளியின் செயலியில் பிள்ளையின் வருகைப் பதிவைப் பார்க்க முயல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிரிபெய்ட் டேட்டாவும் கரைகிறது. சிக்னலை மட்டும் குறை சொல்ல முடியாது. தகவல் அனுப்பும் சர்வரின் அமைப்பும் காரணமாக இருக்கலாம்.

செயலிகளுக்குத் தகவல் பெரும்பாலும் 'ஜேசான்' வடிவில் வருகிறது. 200 மாணவர் பட்டியல் என்றால் பெயர், வகுப்பு, வருகை என்ற தலைப்புகள் 200 முறை திரும்ப வரும். தமிழுக்கு இன்னொரு சுமையும் உண்டு. யூடிஎப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். 'க' எழுத்துக்கு 3 பைட், 'கு' எழுத்துக்கு 6 பைட் தேவை.

இதற்குத் தீர்வு 1992-இல் வெளிவந்த 'ஜிஸிப்' சுருக்க முறை. திரும்ப வரும் பகுதிகளை ஒருமுறை மட்டும் முழுமையாக எழுதி, மற்ற இடங்களில் குறிப்பு மட்டும் வைக்கும். தமிழ் எழுத்துகளின் முதல் பைட்டுகள் ஒன்றுபோல இருப்பதால் அவையும் நன்றாகச் சுருங்கும். நீளமான பட்டியல் பெரும்பாலும் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

பலர் பயன்படுத்தும் 'என்ஜின்எக்ஸ்' சர்வரில் ஜிஸிப்பை 'ஆன்' செய்தால் மட்டும் போதாது. அப்போது எச்டிஎம்எல் பக்கங்கள் மட்டுமே சுருங்கும். 'ஜிஸிப் டைப்ஸ்' வரியில் ஜேசான் வகையையும் சேர்க்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

ஒரே சர்வரில் பல தளங்கள் இருந்தால், அந்தச் செயலியின் தகவல் பாதைக்குரிய 'லொகேஷன்' பகுதிக்குள் மட்டும் இவ்வரிகளை எழுதலாம். அதற்குப் பாதுகாப்புக் காரணமும் உண்டு. இரகசியக் குறியீடும் பயனர் அனுப்பிய சொல்லும் ஒரே பதிலில் சேர்ந்து சுருங்கினால், அதன் அளவை வைத்தே இரகசியத்தை ஊகிக்க முடியும் என்பதை 2013-இல் 'பிரீச்' தாக்குதல் காட்டியது. ஆகவே, உள்நுழைவு தொடர்பான பதில்களைச் சுருக்காமல் விடுவது நல்லது.

சுருக்க அளவு 1 முதல் 9 வரை உண்டு. 5 அளவில் வைத்தால் போதும். அதற்கு மேல் சர்வருக்கு வேலை கூடும், பலன் அதிகம் கூடாது. 1,000 பைட்டுக்குக் குறைந்த பதில்களை அப்படியே அனுப்பலாம். ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருங்கியவை. அவற்றைத் தொட வேண்டாம். இடையில் தகவலைச் சேமித்துத் தரும் சர்வர்கள் குழம்பாதிருக்க 'ஜிஸிப் வேரி' வரியையும் 'ஆன்' செய்ய வேண்டும்.

மாற்றிய பின் அமைப்பைச் சோதித்து, சர்வரை 'ரீலோட்' செய்யுங்கள். உலாவியின் 'நெட்வொர்க்' பகுதியில், பதிலின் தலைப்பில் 'கன்டென்ட் என்கோடிங்: ஜிஸிப்' என்று தெரிந்தால் வேலை முடிந்தது.

பள்ளிக்கோ ஆலயத்துக்கோ செயலி செய்யக் கொடுத்திருக்கும் பொறுப்பாளர்கள், பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேட்கலாம்: "ஜேசான் பதில்கள் சுருங்கி வருகின்றனவா?"