எந்தக் கடல், எத்தனை மணிக்கு?

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு எச்சரிக்கை என்று செய்தியில் சொன்னால், எங்கள் தேவிபட்டினத்துக் கரையில் முதலில் எழும் கேள்வி, “வடகடலுக்கா, தென்கடலுக்கா?” என்பதுதான். பாக் விரிகுடா எங்களுக்கு வடகடல். ராமேஸ்வரம் தீவுக்குத் தெற்கே விரியும் மன்னார் வளைகுடா தென்கடல். ஒரே மாவட்டம், ஒரே நாள். ஆனால் இரண்டுக்கும் இரண்டு குணம். வைகாசியில் தென்மேற்குக் காற்று ஏறினால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று இறங்கினால் எல்லாம் தலைகீழ்.

நான் இந்தப் பக்கத்து ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வானிலை படித்தவள் அல்ல. கோடையில் வெயிலும் இடியும் யாரை, எந்த நேரத்தில், எந்த வேலையில் இருக்கும்போது சாய்க்கின்றன என்பதை வீடுவீடாகப் போய்ப் பார்த்தவள். நிறையப் பேர் எச்சரிக்கையைக் கேட்டிருந்தார்கள். அது தமக்கும் சேர்த்துச் சொன்னது என்று மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

கடலை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னை வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்குத் தரும் அறிக்கையில் கடலின் பெயர் தெளிவாகவே இருக்கும். மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகளில் மணிக்கு 35 முதல் 45 கி.மீ., இடையிடையே 55 கி.மீ. வேகத்தில் சூறைக்காற்று என்று எழுதியிருப்பார்கள். அது வாய்வழியாகக் கரைக்கு வந்து சேரும்போது கடலின் பெயர் உதிர்ந்து மாவட்டத்தின் பெயர் மட்டும் மிஞ்சுகிறது. வடகடல்காரர்கள் அசையாத தண்ணீரைப் பார்ப்பார்கள், சொன்னதை நம்ப மாட்டார்கள். அப்படி நாலு முறை ஆனால் ஐந்தாவது முறை உண்மையாகவே தங்களுக்கு வரும் எச்சரிக்கையும் காதில் ஏறாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் கடலில் இருப்பதெல்லாம் நாட்டுப்படகும் வல்லமும்தான். சிறிய படகுக்குத்தான் துல்லியமான தகவல் அதிகம் தேவை. பாம்பனில் 2016இல் தொடங்கிய ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி மீனவர் பேச்சிலேயே காற்றையும் அலையையும் சொல்லி வருகிறது. அப்படிச் சொன்னால்தான் கேட்பார்கள்.

காற்றே இல்லாமல் வரும் ஆபத்தும் ஒன்று உண்டு. தெற்கே பல ஆயிரம் கி.மீ. தள்ளி இந்தியப் பெருங்கடலில் அடிக்கும் புயல்களில் பிறக்கும் நீண்ட அலைகள், இங்கே வானம் தெளிந்திருக்கும்போதே கரையில் ஏறி இழுத்துக்கொண்டு போகும். கள்ளக்கடல் என்கிறோம். ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதை முன்கூட்டியே கணித்து அறிவிக்கிறது. 2024 மே மாதம் அறிவிப்பு இருந்த நேரத்தில்தான் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்கள். எங்கள் வடகடலை இலங்கையும் ராமேஸ்வரம் தீவும் மறைத்துக் காக்கின்றன. காலையில் எங்கள் ஊர்க் கடலுக்குள் இருக்கும் நவபாஷாணக் கோயிலில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கும்பிட்ட குடும்பம், மத்தியானம் தனுஷ்கோடிக்குப் போய் அதே தைரியத்தில் இறங்கக் கூடாது. அது வேறு கடல்.

இனி வெயில். வானிலைத் துறையின் கணக்குப்படி சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரி தொட்டு, அது இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடுதலாகவும் இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாள் அப்படி இருந்தால் வெப்ப அலை. எங்கள் ஊரில் மத்தியானம் கடற்காற்று எழுந்து வெப்பமானியை அடக்கிவிடும். மதுரையும் வேலூரும் செய்தியில் வரும், நாங்கள் வர மாட்டோம். ஆனால் அந்தக் கடற்காற்று ஈரத்தையும் சுமந்து வருகிறது. உடம்பு வியர்வையை வெளியே தள்ளினால் மட்டும் குளிராது, அது காய வேண்டும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழிந்து ஓடுமே தவிரக் காயாது. 35 டிகிரியிலேயே ஆள் விழுவார். இரவிலும் புழுக்கம் இறங்காததால் முந்தின நாள் களைப்போடுதான் மறுநாள் வேலைக்குப் போவார்.

அதை உப்பளத்தில் பார்க்க வேண்டும். தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, கோப்பேரிமடம் பக்கம் கோடைதான் உப்பு விளையும் காலம். எந்த வெயில் ஆளைச் சாய்க்குமோ அந்த வெயில்தான் கூலியும் தருகிறது. விடியுமுன் பாத்தியில் இறங்கி வெயில் ஏறுமுன் கரையேறப் பார்ப்பார்கள். வேலை முடியாவிட்டால் உச்சி வரை இழுக்கும். மேலே சூரியன், கீழே உப்பின் கண்ணைக் கூசும் வெளிச்சம், ஒதுங்க ஒரு மரம் இல்லை. பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்வார்கள். கேட்டால், “குடிச்சா எங்கே போறது நர்சம்மா?” என்பார்கள். மறைவு இல்லை, கழிப்பறை இல்லை. நீர்க்கடுப்பும் சிறுநீரகக் கல்லும் அந்த வீடுகளில் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்துப் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழக உப்பளத் தொழிலாளர்களைச் சோதித்து, பெரும்பாலோர் பாதுகாப்பான அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உழைப்பதையும், சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதையும் எழுதியிருக்கிறார்கள். படித்தபோது எனக்கு அந்தப் பெண்களின் முகங்கள்தான் வந்தன.

தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று ஒவ்வொரு அறிவிப்பிலும் வருகிறது. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி, குழாயடிக்கும் ஊற்றுக்கும் வெயிலில் நடக்கிற மாவட்டம் இது. உப்பளத்தில் ஒரு கொட்டகை, ஒரு பானைத் தண்ணீர், ஒரு கழிப்பறை. இவற்றை வைக்காமல் அறிவுரை மட்டும் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

யாராவது சுருண்டு விழுந்தால் செய்ய வேண்டியது: பேச்சு குழறினால், ஆள் யார் என்று தெரியாமல் உளறினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது வெப்பத்தாக்கு. வியர்வை நின்றிருக்கலாம், நிற்காமலும் இருக்கலாம். 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் நிழலுக்குத் தூக்கிப்போய்த் துணியைத் தளர்த்தி, தண்ணீரை ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வைக்க வேண்டும். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றவே கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும்.

கோடை மழையில் வேறொரு பயம். கடற்காற்று உள்ளே போய்த் தரைக்காற்றோடு மோதும் இடத்தில் மத்தியானத்துக்கு மேல் மேகம் கறுத்து எழும். மழை வந்தால் குவித்த உப்பு கரைந்து போகும். அதனால் இடி கேட்டதும் எல்லோரும் வீட்டுக்கு ஓட, உப்பளக்காரர்கள் மட்டும் குவியலை மூடத் திறந்தவெளிக்கு ஓடுவார்கள். மழை பெருத்தால் பனைமரத்தடியில் ஒதுங்குவார்கள். இரண்டுமே மின்னலுக்கு நேராகப் போய் நிற்பதுதான். அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கையை வானிலை மையம் மாவட்ட வாரியாக வெளியிடுகிறது. மின்னலுக்கென்றே ‘தாமினி’ செயலி இருக்கிறது. கைப்பேசியைக் கரையில் பையில் போட்டுவிட்டுப் பாத்தியில் நிற்கிறவளுக்கு அதனால் என்ன பயன்? கங்காணி ஒருவர் பார்த்துக் குரல் கொடுத்து, மத்தியானமே குவியலை மூடவைத்துவிட்டால் போதும். மின்னல் வெட்டி 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் கிளம்ப வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப வேண்டும்.

எச்சரிக்கையோடு சொல்லும் நிறங்களைப் பற்றிப் பலர் கேட்பார்கள். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் உடனே செயல்படு. அவ்வளவுதான்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உதவி உண்டு. ஆனால் எங்கள் பக்கம் வெயிலில் விழுந்து இறந்தவரைப் பெரும்பாலும் ‘நெஞ்சுவலி’ என்று சொல்லி அடக்கம் செய்துவிடுகிறார்கள். காரணம் பதிவாகாவிட்டால் உதவியும் இல்லை, இந்தக் கரையில் வெயில் ஆளைக் கொல்கிறது என்ற கணக்கும் இல்லை. ஆகவே உயிரோடு கொண்டுபோனாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, மருத்துவரிடம் மூன்றை மறக்காமல் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு விழுந்தார், எந்த இடத்தில் விழுந்தார், அதுவரை என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.