ஸ்னேப் நல்லவரா? – வாசகர்கள் நடத்திய ஈராண்டு வழக்கு

ஜே.கே. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் நாவல் வரிசையில் ஆறாம் நூல் 2005 ஜூலை 16 அன்றும், நிறைவு நூலான ஏழாவது 2007 ஜூலை 21 அன்றும் வெளிவந்தன. இடைப்பட்ட ஈராண்டில், இன்னும் கைக்கு வராத நூலின் கதையை முந்தைய ஆறு நூல்களைக் கொண்டே உய்த்தறிய முயன்ற இளம் வாசகர்கள், சொல் சொல்லாகச் சான்று தேடிப் படிக்கும் நுண்வாசிப்பை எவரும் கற்பிக்காமலே பழகிக்கொண்டனர்.

விவாதத்தின் மையம் செவரஸ் ஸ்னேப் என்னும் ஆசிரியர். ஆறாம் நூலின் இறுதிப் பகுதியில் அவர், தம்மை முழுமையாக நம்பிய தலைமையாசிரியர் டம்பிள்டோரைக் கோபுர உச்சியில் மந்திரத்தால் கொல்கிறார். அதற்குச் சற்று முன் டம்பிள்டோர் அவர் பெயரைச் சொல்லிக் கெஞ்சுகிறார்; எதற்காக என்பதை நூல் சொல்வதில்லை. உயிருக்காகத்தான் என்றனர் ஒரு சாரார். சாவுக்கு அஞ்சாத அம்மனிதர் உயிர்ப்பிச்சை கேட்டிருக்க மாட்டார், முன்பே பேசிவைத்த செயலை முடிக்கும்படியே வேண்டினார் என்று மறுசாரார் வாதிட்டனர். அவர்கள் காட்டிய சான்று, அதே நூலில் பள்ளிப் பணியாளர் ஹாக்ரிட் தம் காதில் விழுந்ததாக ஹாரியிடம் சொல்லும் ஒரு வாக்குவாதம்: இனி அதைச் செய்யத் தமக்கு விருப்பமில்லாமல் போகலாம் என்று ஸ்னேப் சொல்ல, ஒப்புக்கொண்டதைச் செய்தே ஆகவேண்டும் என்கிறார் டம்பிள்டோர். 'அது' எது? டம்பிள்டோரின் கருகிச் சுருங்கிய கையையும் சேர்த்து எண்ணியவர்கள், அவருக்கு எப்படியும் சாவு நெருங்கிவிட்டது என்ற முடிவுக்கு வந்தனர். அம்முடிவு சரி என்பதை ஏழாம் நூல் உறுதிசெய்தது.

இதைவிட வியப்பூட்டுவது பதக்கத்தின் கதை. ஆறாம் நூலில் ஹாரி தேடிச் செல்லும் பதக்கம், கதையின் வில்லன் வோல்டமோர்ட்டின் ஒரு 'ஹார்க்ரக்ஸ்', அதாவது சாவைத் தவிர்க்க விரும்பும் மந்திரவாதி தன் ஆன்மாவின் ஒரு கூற்றைப் பிரித்து ஒளித்துவைக்கும் பொருள். ஆனால் அதை முன்பே எடுத்துவிட்ட ஒருவர், ஆர்.ஏ.பி. என்னும் முதலெழுத்துகளை மட்டும் கையொப்பமாக இட்ட ஒரு குறிப்பை விட்டுச்சென்றிருக்கிறார். வாசகர்கள் 2003-இல் வந்த ஐந்தாம் நூலுக்குத் திரும்பினர். பிளாக் குடும்பத்தின் பழைய வீட்டைத் துப்புரவு செய்யும்போது கிடைக்கும் பொருள்களுக்கிடையே, எவராலும் திறக்க முடியாத கனத்த பதக்கம் ஒன்று போகிற போக்கில் குறிப்பிடப்படுகிறது. அவ்வீட்டின் இளைய மகன் ரெகுலஸ் பிளாக், வோல்டமோர்ட்டின் அணியிலிருந்து விலக முயன்று உயிரிழந்தவர் என்ற செய்தியும் அந்நூலிலேயே உண்டு. நான்கு ஆண்டுகளுக்குப் பின் விடையாகப் போவதைத் துப்புரவுக் காட்சிக்குள் வைத்த ஆசிரியரின் நேர்மையும், அதைத் தேடிக் கண்டெடுத்த வாசகர்களின் பொறுமையும் ஒருசேரப் போற்றத்தக்கவை.

பொய்த்த ஊகங்களும் இருந்தன. 2006 ஆகஸ்டில் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் ரௌலிங்கிடம் கேள்வி கேட்ட எழுத்தாளர் சல்மான் ருஷ்டி, ஸ்னேப் நல்லவரே, ஆகவே டம்பிள்டோரின் மரணம் இருவரும் சேர்ந்து நடத்திய நாடகமாகவே இருக்கும் என்றார். டம்பிள்டோர் இறந்தது உறுதி என்று அங்கேயே அறிவித்தார் ரௌலிங்.

ஸ்னேப் யார் பக்கம் என்பதை ஏழாம் நூலின் 33-ஆம் அத்தியாயம் தீர்த்துவைத்த பிறகும் வாசகர்கள் ஓயவில்லை. நெவில் போன்ற மாணவர்களை வகுப்பில் வதைத்த ஒருவரை, அவருடைய தியாகத்துக்காக மன்னிக்கலாமா என்று இன்றும் வாதிடுகின்றனர்.