பெரிய கடை வாசலில் ஒரு மேட்சிங் சென்டர்

தி.நகர் பக்கம் போகிறவர்கள் கவனித்திருப்பார்கள். ஐந்து மாடி, ஏழு மாடி என்று எழும்பி நிற்கும் துணிக்கடைகளின் காலடியிலேயே பத்தடி அகலத்தில் ஒரு மேட்சிங் சென்டர் இருக்கும். அங்கே புடவை கிடையாது, பேன்ட் சட்டைத் துணி கிடையாது. பிளவுஸ் பிட், உள்பாவாடை, ஃபால்ஸ், லைனிங் துணி, அவ்வளவுதான். ஒரு அம்மா பைக்குள்ளிருந்து புடவையின் முந்தானையை மட்டும் இழுத்துக் காட்டுவார். கடைக்காரர் அதை ஒரு விநாடி பார்ப்பார். திரும்பி, கூரை வரை அடுக்கியிருக்கும் துணிகளில் மூன்றை உருவிப் போடுவார். நம் கண்ணுக்கு மூன்றுமே ஒரே அரக்குதான். “டியூப் லைட்ல தெரியாதும்மா, வெளிய வெளிச்சத்துல வச்சுப் பாருங்க” என்பார். வாசலுக்கு வந்து பார்த்தால் இரண்டு ஒட்டாது. மூன்றாவது, புடவையிலிருந்தே கிழித்த மாதிரி இருக்கும்.

பக்கத்து ஏழு மாடிக் கடையால் இதைச் செய்ய முடியாதா? முடியும். ஆனால் மயில் கழுத்தில் நாலு சாயல், ராமர் பச்சையில் ஐந்து சாயல் என்று வாங்கி அடுக்கி, ஒரு மீட்டர் துணி விற்கப் பத்து நிமிடம் ஓர் ஆளை நிறுத்தி வைத்தால் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அந்தக் கட்டுப்படியாகாத இடத்தில்தான் மேட்சிங் சென்டர்காரர் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார். இன்னொன்று, பெரிய கடை புடவை விற்க விற்க இவருக்கும் வியாபாரம் கூடும். கூட்டத்தை வரவழைக்கும் விளம்பரச் செலவு முழுக்கப் பக்கத்துக் கடையுடையது.

ஆன்லைனில் பொருள் விற்பவர்கள் வாயில் ‘நிஷ்’ (niche) என்ற சொல் ஓயாமல் வரும். பெரியவர்கள் விட்டுவைத்த சின்னச் சந்தை என்று பொருள். “நல்ல நிஷ் ஒண்ணு சொல்லுங்களேன்” என்று என்னிடமும் கேட்கிறார்கள். அதைப் பற்றிப் பாடம் எடுப்பவர்கள் எல்லோரும் அமெரிக்க உதாரணங்களாகவே அடுக்குகிறார்கள். எனக்கு மேட்சிங் சென்டரே போதுமானதாக இருக்கிறது.

இணையத்தில் கடைபோட வாடகை இல்லை என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். வாடகை இருக்கிறது, கிளிக் என்ற பெயரில். தேடல் சொற்களை ஏலம் விட்டு, கிளிக்குக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் முறையை 1998-இல் கோடூ.காம் (GoTo.com) என்ற தளம் மூலம் கொண்டுவந்தவர் பில் கிராஸ். கூகுள் தன் ஆட்வேர்ட்ஸ் விளம்பரச் சேவையை 2000 அக்டோபரில் 350 விளம்பரதாரர்களுடன் ஆரம்பித்து, 2002-இல் கிளிக் ஏலத்துக்கு மாறியது. ஏலம் என்றால் கூட்டம் கூடக்கூட விலை ஏறத்தானே செய்யும்? அமெரிக்காவில் மிக விலை உயர்ந்த தேடல் சொற்களில் ஒன்று ‘மீசோதீலியோமா’. ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் புற்றுநோய் அது. நஷ்டஈட்டு வழக்கு நடத்தும் வக்கீல்கள் ஒரே ஒரு கிளிக்குக்கு நூறு டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கட்சிக்காரர் கிடைத்தால் வரும் ஃபீஸுக்கு அது அவர்களுக்குச் சில்லறை. ஆனால் 399 ரூபாய்க்குப் பெட்ஷீட் விற்பவருக்கு ஐந்து ரூபாய் கிளிக்கே கழுத்தைப் பிடிக்கும்.

பிடித்தது, கரூரில் இருக்கும் என் நண்பர் கழுத்தைத்தான். பெயரைப் போடக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார். காரணம் கடைசியில் புரியும். கரூர், பெட்ஷீட்டுக்கும் தலையணை உறைக்கும் பேர்போன ஊர். ஏற்றுமதி ஆர்டர்களுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், ஒரு பெரிய ஆன்லைன் சந்தையில் கடை திறந்தார். துணி, தையல், கமிஷன், கூரியர் எல்லாம் போக ஒரு பெட்ஷீட்டுக்கு 60 ரூபாய் மிஞ்ச வேண்டும் என்பது அவர் கணக்கு. விளம்பரம் கொடுக்காமல் பட்டியலில் எங்கோ பாதாளத்தில் கிடந்தது சரக்கு. கொடுத்துப் பார்த்தார். 100 கிளிக்குக்கு 500 ரூபாய். அதில் வாங்கியவர்கள் மூன்று பேர். ஆக, ஒரு விற்பனைக்கு விளம்பரச் செலவு மட்டும் 167 ரூபாய். “வித்தா நூறு ரூபா நட்டமுங்க, விக்காட்டி நட்டமில்லீங்க. இப்படி ஒரு யாவாரத்த எங்கப்பா காலத்துல பார்த்ததில்ல” என்று அவர் சொன்னபோது சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தக் கடையின் கேள்வி பதில் பகுதியில் ஒருநாள் யாரோ கேட்டிருந்தார்கள்: இதே துணியில் ஊஞ்சலுக்கு மெத்தை தைத்துத் தருவீர்களா? இல்லை என்று பதில் போட்டார். இரண்டு வாரம் கழித்து மதுரையிலிருந்து ஒரு போன், அதே கேள்வி. மூன்றாவதாக ஒரு பெங்களூர் அம்மா கேட்டபோதுதான் அவருக்கு உறைத்தது.

ஊஞ்சல் என்பது லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லை. கட்டிலுக்கு நாலைந்து அளவு வைத்துக்கொண்டால் ஊர் முழுக்கச் சமாளிக்கலாம். ஊஞ்சல் பலகையோ தாத்தா காலத்து ஆசாரி கைக்கு வந்த அளவு. ஒன்று ஐந்தடி, ஒன்று ஐந்தே காலடி. அகலம் இருபது அங்குலமும் இருக்கும், இருபத்திரண்டும் இருக்கும். அது போக, நாலு மூலையிலும் சங்கிலிக் கொக்கி வரும். ரெடிமேடாகக் கிடைக்கும் நீள மெத்தையை வாங்கிப் போட்டால் கொக்கி மேல் ஏறி உட்கார்ந்து மூலை தூக்கிக்கொண்டு நிற்கும், ஆட ஆட நழுவும். நண்பர் மெத்தையின் நாலு மூலையிலும் உள்ளங்கை அளவுக்கு வெட்டுவிட்டுத் தைத்தார். பலகைக்கு அடியில் முடிந்துகொள்ள நாடா வைத்தார். நீளம், அகலம், மூலையிலிருந்து கொக்கி எத்தனை அங்குலம் என மூன்று அளவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். விலை 2,800 ரூபாய். செலவு போக 900 நின்றது. விளம்பரக் கிளிக் நாலு ரூபாய், நூறில் ஐந்து பேர் வாங்கினார்கள். அந்தச் செலவு மெத்தைக்கு 80 ரூபாய்தான்.

கிளிக் விலை குறைந்ததற்குப் போட்டி இல்லாதது மட்டும் காரணமில்லை. அதிகத் தொகை கேட்டவருக்கே முதலிடம் என்று கூகுளோ ஆன்லைன் சந்தைகளோ கொடுத்துவிடுவதில்லை. தேடியவர் கேட்டதற்கும் விளம்பரம் காட்டுவதற்கும் எவ்வளவு பொருத்தம் என்பதையும் கணக்கில் சேர்க்கின்றன. ஊஞ்சல் மெத்தை தேடியவருக்கு ஊஞ்சல் மெத்தையையே காட்டுகிற சின்ன ஆளுக்கு அங்கே ஒரு சலுகை உண்டு.

ஆனாலும் மாதத்துக்குப் பத்து, பன்னிரண்டு மெத்தைக்கு மேல் போகவில்லை. கதை திரும்பியது அவருடைய அக்கா பையனால். அவன் பட்டியலில் ‘ஜூலா’ என்ற ஹிந்திச் சொல்லையும் சேர்த்துவிட்டான். சூரத்திலிருந்தும் அகமதாபாத்திலிருந்தும் ஆர்டர் வர ஆரம்பித்தது. குஜராத்தி வீடுகளில் ஊஞ்சல் நம் வீட்டு சோபா மாதிரி. மாப்பிள்ளை பொண்ணுக்கு என்று காத்திருக்காமல் தினமும் உட்கார்கிறார்கள், அதனால் மெத்தையும் தேய்கிறது. நண்பர் குஜராத்தைப் பார்த்ததே இல்லை. நிஷ் தேடுகிறேன் என்று கிளம்பியிருந்தாலும் அவருக்கு அகமதாபாத் தோன்றியிருக்காது.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும், பலர் இதில் இடறுகிறார்கள். சின்ன வியாபாரத்துக்கு ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். மாநிலத்துக்குள் மட்டும் விற்பவருக்கு, ஆண்டு விற்பனை ஒரு வரம்பைத் தாண்டாதவரை பதிவு வேண்டாம். ஆன்லைன் சந்தை வழியாக விற்றாலும் 2023 அக்டோபரிலிருந்து அந்தச் சலுகை கிடைக்கிறது. வரி விதிப்புக்குரிய சரக்கு மாநில எல்லையைத் தாண்டினால், சில கைவினைப் பொருட்கள் நீங்கலாக, முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். நிஷ் வியாபாரத்துக்கு வாடிக்கையாளர் ஒரே ஊரில் கிடைக்க மாட்டார், நாடு முழுக்கச் சிதறித்தான் இருப்பார். ஆகவே அந்தச் செலவை முதல் நாளே கணக்கில் எழுதிக்கொள்வது நல்லது.

இப்படிச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் தேவைகளைக் கூட்டினால் பெரிய சந்தை ஆகும் என்று 2004-இல் ‘வயர்ட்’ இதழில் எழுதினார் கிறிஸ் ஆண்டர்சன். ‘லாங் டெயில்’ (நீண்ட வால்) என்ற பெயர் அதிலிருந்துதான் பரவியது. நாலு வருடம் கழித்து ஹார்வர்ட் பேராசிரியர் அனிதா எல்பர்ஸ், பாட்டு, பட விற்பனை விவரங்களை எடுத்துவைத்துக்கொண்டு மறுத்தார். வால் நீளமாகத்தான் இருக்கிறது, ஆனால் சப்பையாக இருக்கிறது, பணம் இன்னும் அதிகம் விற்கும் தலையில்தான் என்றார். இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு. வால் முழுவதையும் வைத்திருக்கும் அமேசானுக்கு அது பெரிய சந்தை. வாலில் ஒரு முடியை மட்டும் பிடித்திருப்பவர், அந்த முடியில் எத்தனை மெத்தை விற்கும் என்று தனியாக எண்ணித்தான் ஆக வேண்டும். நண்பருக்கு ஆறு தையல்காரர்களுக்கு வேலை இருக்கிறது. அறுபது பேருக்கு இருக்காது. அது அவருக்குத் தெரியும்.

நிஷ் நிரந்தரமும் இல்லை. மரச்செக்கு எண்ணெயைப் பாருங்கள். ஊரில் ஒருவர் இரண்டு பேர் ஆட்டிக்கொண்டிருந்தபோது ஆன்லைனில் அது தங்கச் சுரங்கம். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு, நாட்டு விதை, நாட்டுச் சர்க்கரை என்று எல்லாவற்றின் மீதும் ஒரு பிரியம் கிளம்பியது. இன்று தெருவுக்கு ஒரு மரச்செக்கு, லேபிளில் ஒரே காளை மாடு. இப்போது புதிதாக இறங்குகிறவர் பெட்ஷீட் விற்பவருக்குச் சமம். எங்கள் குடியிருப்பில் ஒரு பாட்டி, கைக்குழந்தைக்குத் தேய்க்கத் தேங்காய்ப் பாலைக் காய்ச்சி எடுத்த உருக்கெண்ணெய்தான் வேண்டும் என்று தேடி அலைந்தார். செக்கு எண்ணெய்க்காரர்கள் பத்துப் பேரைக் கேட்டும் கிடைக்கவில்லை.

பொருளே விற்காமல், எழுதிச் சம்பாதிக்கும் நிஷ்ஷும் உண்டு. இதில்தான் ஏமாற்று வேலை அதிகம் நடந்தது. தேடல் சொல்லையே தளத்தின் பெயராக வைத்து, உள்ளே நாலு வறட்டுக் கட்டுரையைப் போட்டு, விளம்பர வருமானத்தை அள்ளினார்கள். 2011 பிப்ரவரியில் கூகுள் அப்படிப்பட்ட கட்டுரைகளைத் தேடலில் கீழே தள்ளும் ‘பாண்டா’ என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது, 2012-இல் பெயரை மட்டும் நம்பிய தளங்களையும் கீழே தள்ளியது. ஒரே இரவில் கடை காலி. அதே 2011-இல்தான் பிரையன் லாம் என்பவர் ‘வயர்கட்டர்’ தளத்தை ஆரம்பித்தார். கேட்ஜெட் செய்தித் தளம் ஒன்றின் ஆசிரியராக இருந்து ஓய்ந்துபோனவர் அவர். தினமும் ஐம்பது செய்தி போடுவதை விட்டுவிட்டு, எந்த ஹெட்போன் வாங்கலாம் என்ற கேள்விக்கு, நிஜமாகவே சோதித்துப் பார்த்து ஒரே ஒரு பதில் சொன்னார். அவர் சொன்னதை வாசகர்கள் வாங்கினால் கமிஷன். 2016-இல் நியூயார்க் டைம்ஸ் அதை மூன்று கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அவர் கையாண்ட பொருட்களில் புதுமை எதுவும் இல்லை, எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தவைதான். வாங்க வந்தவனின் குழப்பத்தை மட்டும் அவர் தனியே பிரித்தெடுத்தார்.

சரி, எங்கே தேடுவது? மென்பொருட்கள் பல இருக்கின்றன, எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று எண்ணிக் கொடுக்கும். அதே எண்ணிக்கைதான் மற்ற எல்லோர் திரையிலும் தெரியும் என்பதுதான் சிக்கல். தினமும் வரும் தேடல்களில் 15 சதவீதம் அதற்குமுன் யாருமே தேடாதவை என்று கூகுள் பல வருடங்களாகச் சொல்லிவருகிறது. அவை எந்தப் பட்டியலிலும் ஏறியிருக்காது. என்னைக் கேட்டால், நன்றாக விற்கும் பொருளுக்கு வந்த மூன்று நட்சத்திர விமர்சனங்களைப் படிக்கச் சொல்வேன். ஐந்து நட்சத்திரக்காரர் ‘சூப்பர்’ என்று போய்விடுவார். ஒற்றை நட்சத்திரக்காரர் கூரியர் பையனைத் திட்டியிருப்பார். மூன்று நட்சத்திரம் போட்டவர்தான், ‘நல்லாத்தான் இருக்கு, ஆனா...’ என்று ஆரம்பிப்பார். அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் இருப்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஒரு சொல்லுக்கு விளம்பரமே வரவில்லை என்றால் உடனே குதித்துவிடக் கூடாது. யாரும் கால் வைக்காத புதையலாகவும் இருக்கலாம், பத்துப் பேர் கையைச் சுட்டுக்கொண்டு எழுந்துபோன இடமாகவும் இருக்கலாம். பெரும்பாலும் இரண்டாவதுதான். சீசனையும் பார்க்க வேண்டும். கொலுப்படி விற்பவருக்கு நவராத்திரிக்கு முந்தைய சில வாரங்கள்தான் வருடம். மீதி மாதங்களுக்கு வேறு வழி வேண்டும்.

நண்பரின் விஷயத்துக்கு வருகிறேன். பெயர் வேண்டாம் என்றாரே, காரணம் இதுதான்: அவர் எடுத்த படங்களை அப்படியே திருடிப் போட்டு இன்னொரு கடை முளைத்துவிட்டது. விலை 1,900 ரூபாய். ஊரைச் சொன்னால் இன்னும் நாலு பேர் வருவார்கள் என்று பயந்தார். கரூரில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஏராளம், ஊரை எழுதினால் பரவாயில்லை என்று நான்தான் சமாதானம் சொன்னேன்.

போன வாரம் அவருடைய பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு போன் வந்தது. சென்னையிலிருந்து ஒரு பெரியவர். அந்த 1,900 ரூபாய் மெத்தையை வாங்கியிருக்கிறார். படத்தில் மூலை வெட்டு இருந்தது, வந்த மெத்தையில் இல்லை. இங்கே அனுப்பினால் வெட்டித் தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். நண்பர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எடுத்தார்.

“அனுப்புங்க சார். கூலி முந்நூறு, கூரியர் உங்களுது. கொக்கி மூலையிலருந்து எத்தனை இஞ்சு?”