நிலா உருவில் ஒரு பலகாரம்!

புளியறையில் முழு நிலவைப் பார்க்க வேண்டும்! மேற்கே கேரள எல்லை மலை. கிழக்கே பச்சை வயல்கள். பொழுது சாய்ந்ததும் அந்த வயல்களுக்கு மேலே தாம்பாளம் போல நிலா எழும். ஆவணி, புரட்டாசியில் சாரல் ஓய்ந்த இரவாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அதே நிலா, சுமார் 2 மணி நேரம் முன்னதாகவே சிங்கப்பூரில் எழுந்து விடுகிறது. அங்கே அதற்கு ஒரு திருவிழா. திருவிழாவுக்கு ஒரு பலகாரம். "நிலா கேக்" என்று பெயர். சீனர்கள் அதைப் பெட்டியில் அடுக்கி உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் கொடுக்கிறார்கள். வாங்கிக் கொள்பவர்களில் தென்காசிச் சீமைக்காரர்களும் உண்டு!

கடல் கடந்த கடையநல்லூர்

தென்காசிக்கு வடக்கே இருக்கிறது கடையநல்லூர். நெசவுக்குப் பெயர் போன ஊர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்து பல முஸ்லிம் குடும்பங்கள் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறின. தென்காசியில் இருந்தும் பலர் போனார்கள். 1926 முதல் 1973 வரை ஓடிய "ரஜூலா" கப்பலை அந்தக் காலத்துப் பயணிகள் மறக்க மாட்டார்கள்.

சிங்கப்பூரில் கடையநல்லூர்க்காரர்கள் குடியேறிய இடம் தஞ்சோங் பகார். துறைமுகத்துக்குப் பக்கம். சீனர் பேட்டைக்கும் பக்கம். அங்கே இன்றும் ஒரு தெருவுக்குக் கடையநல்லூர் தெரு என்றுதான் பெயர்! 1941-ல் அவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1946-ல் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். அது 1982 வரை நடந்தது.

சீனர் பேட்டைக்கு அருகே குடியிருந்தால் சீனர் பண்டிகை கண்ணில் படாமல் போகுமா? எட்டாம் மாதத்துப் பௌர்ணமி வந்தால் தெருவெல்லாம் காகித விளக்கு. பிள்ளைகள் கையிலும் விளக்கு. கடைகளில் நிலா கேக்.

பூரணம்தான் உயிர்

நிலா கேக் என்றதும் பிறந்த நாள் கேக்கை நினைத்து விடாதீர்கள். இது வேறு. உள்ளங்கைக்குள் அடங்கும். மேலே மெல்லிய மாவு. உள்ளே முழுக்கப் பூரணம். நம் மோதகத்துக்கு அண்ணன் என்று சொல்லலாம்.

பூரணத்துக்கு முக்கியமான பொருள் தாமரை விதை. அதை வேக வைத்து, அரைத்து, சர்க்கரையும் எண்ணெயும் விட்டு, கை ஓயும் வரை கிளற வேண்டும். அல்வா பதம் வரும். அதன் நடுவே உப்பில் ஊறிய வாத்து முட்டையின் மஞ்சள் கருவை வைக்கிறார்கள். வெட்டிப் பார்த்தால், பழுப்பு வானத்தில் மஞ்சள் நிலா! இனிப்புக்கு நடுவே உப்பு. முதல் முறை தின்பவர் முகம் சுளிப்பார். இரண்டாம் துண்டுக்குக் கை நீட்டுவார்.

மாவில் பாகும் எண்ணெயும் சேரும். பூரணத்தை மூடி, மர அச்சில் அழுத்தித் தட்டுவார்கள். பூவும் சீன எழுத்தும் மேலே பதியும். பிறகு அடுப்பில் சுடுவார்கள். சுட்ட அன்றே தின்பதில்லை. ஓரிரு நாள் வைத்தால் பூரணத்து எண்ணெய் மேல் மாவுக்கு ஏறி, அது மெத்தென்று ஆகும். அதிரசத்துக்கு மாவைப் புளிக்க வைத்துக் காத்திருக்கும் நம் பெண்களுக்கு இந்தப் பொறுமை புதிது அல்ல.

செம்பயறு, பாசிப்பயறு, சேப்பங்கிழங்கு பூரணங்களும் உண்டு. அடுப்பிலேயே வைக்காமல், பசை அரிசி மாவில் செய்து குளிர வைத்துத் தின்னும் வகையும் இருக்கிறது. டுரியான் பழத்தைக் கூட உள்ளே வைக்கிறார்கள். அதன் மணம் எல்லோருக்கும் ஒத்துக் கொள்ளாது!

ஒரு கேக்கை ஒருவரே தின்பது வழக்கம் இல்லை. கத்தியால் சிறு துண்டுகளாக வெட்டி, வீட்டில் உள்ள எல்லோருக்கும் பங்கு வைத்து, சர்க்கரை போடாத தேநீருடன் தின்பார்கள். வட்டம் என்றால் குடும்பம் ஒன்று கூடுவது என்று அவர்களுக்குப் பொருள். அது மட்டும் அல்ல. ஒரு முழு கேக் 700 முதல் 1,000 கலோரி வரை இருக்கும். ஒரு வேளைச் சாப்பாடு!

நிலாவில் யார்?

நம் பிள்ளைகளுக்கு நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள். சீனப் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு அழகி இருக்கிறாள். பெயர் சாங் ஏ.

முன்னொரு காலத்தில் வானத்தில் பத்துச் சூரியன்கள் காய்ந்தனவாம். ஹௌ யீ என்ற வில்லாளி ஒன்பதை எய்து வீழ்த்தினான். அதற்குப் பரிசாகச் சாகா மருந்து கிடைத்தது. அவன் வெளியே போன சமயம் ஒரு கெட்டவன் அதைப் பறிக்க வந்தான். அவன் கையில் சிக்கக் கூடாது என்று மனைவி சாங் ஏ அதைத் தானே குடித்து விட்டாள். உடல் லேசாகி நிலாவுக்குப் பறந்து போனாள். கணவன் ஒவ்வோர் ஆண்டும் அவளுக்குப் பிடித்த பலகாரங்களை நிலவொளியில் படைத்தான் என்பது கதை. அவளுக்குத் துணையாக ஒரு முயலும் அங்கே இருக்கிறதாம். உரலில் மருந்து இடிக்கிறதாம்! நிலாவின் கறையை நாமும் முயல் என்றுதானே சொல்கிறோம்?

மங்கோலியர் ஆட்சியை எதிர்க்கும் கலகச் செய்தியைக் கேக்குக்குள் ஒளித்து அனுப்பினார்கள் என்று இன்னொரு கதை. 1368-ல் மிங் வம்சம் ஆட்சிக்கு வந்ததோடு அதை முடிச்சுப் போடுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

வாங்கலாமா, கூடாதா?

அன்போடு கொடுக்கும் பலகாரத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. பழைய முறை நிலா கேக்கில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது உண்டு. பன்றித் தொடைக்கறி வைத்த பூரணமும் உண்டு. முஸ்லிம் வீட்டார் தொட முடியுமா? சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு வாத்து முட்டையே தடை. மறுத்தால் கொடுத்தவர் மனம் நோகும். வாங்கினால் தின்ன முடியாது.

இதற்கு மெல்ல மெல்ல வழி பிறந்தது. சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் 1978 முதல் உணவுக்கு "ஹலால்" சான்று கொடுத்து வருகிறது. சான்று பெற்ற நிலா கேக்குகள் இன்று கடைகளில் நிறையக் கிடைக்கின்றன. சைவ கேக்கும் உண்டு. சீனப் பௌத்தர்களிலேயே சைவம் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா?

1989-ல் அந்நாட்டு அரசாங்கம் ஒரு கொள்கை வகுத்தது. அரசாங்க அடுக்கு வீடுகளில் ஒரே இனத்தார் மட்டும் கூடி இருக்கக் கூடாது; இத்தனை வீடு சீனருக்கு, இத்தனை மலாய்க்காரருக்கு, இத்தனை இந்தியருக்கு என்று அளவு வைத்தார்கள். வீட்டை விற்கும்போது சிலருக்கு அதனால் கஷ்டமும் உண்டு. ஆனால் ஒரே நடைபாதையில் மூன்று வகைப் பண்டிகை வந்து விட்டது. எதிர் வீட்டில் இருந்து நிலா கேக் வந்தால், தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும். பெருநாளுக்குப் பலகாரம் போகும்.

பெட்டியின் ஆடம்பரம்

கொடுப்பதில் போட்டியும் வந்து விட்டது. சீனாவில் பட்டுத் துணி வைத்த பெட்டி, மதுப் புட்டியோடு பெட்டி என்று விலை ஏறிக் கொண்டே போனது. நான்கு கேக்குக்கு நாற்பது சுற்றுக் காகிதம்! 2022-ல் சீன அரசாங்கம் கண்டிப்புக் காட்டியது. 500 யுவானுக்கு மேல் விலை போட்டால் கண்காணிப்பு. மூன்று உறைகளுக்கு மேல் சுற்றக் கூடாது என்று விதி.

சீனர் பஞ்சாங்கம் நிலாவைப் பார்த்துக் கணிப்பது. ஆகையால் இந்த விழா செப்டம்பரிலும் வரும்; அக்டோபரிலும் வரும். 2024-ல் செப்டம்பர் 17-ந் தேதி வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் திருவோணம். புளியறையைத் தாண்டினால் கேரளம். 1956 நவம்பர் 1-ந் தேதி செங்கோட்டை வட்டாரம் தமிழ்நாட்டோடு சேரும் வரை இந்தப் பக்கமும் மலையாள ராஜ்யம்தான். சோதனைச் சாவடிக்கு அப்பால் ஓண விருந்து முடிந்து இலை எடுத்த மூன்றாம் நாள், தஞ்சோங் பகாரில் நிலா கேக் வெட்டினார்கள்.

2026-ல் அந்த விழா செப்டம்பர் 25-ந் தேதி, வெள்ளிக்கிழமை.