உழைச்செல்வோர்: அவசர மருத்துவ ஊழியரின் பாதுகாப்பும் நம் சொற்களும்

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றோடு நான்காவதாக 'உழைச்செல்வான்' என்பவனையும் அது சேர்த்து எண்ணுகிறது. இங்கே 'உழை' என்பதற்குப் பக்கம், இடம் என்பன பொருள். ஏழாம் வேற்றுமைக்குரிய இடப்பொருள் உருபுகளுள் ஒன்றாக நன்னூலும் இச்சொல்லைக் குறிக்கிறது. ஆகவே, உழைச்செல்வான் என்பவன் நோயாளியின் பக்கத்தே சென்று நின்று உதவுபவன். இன்று ஆம்புலன்ஸ் வண்டியில் விரைந்து வரும் ஆணையும் பெண்ணையும் குறிக்க இதைவிடப் பொருத்தமான பழஞ்சொல் நம்மிடம் இல்லை.

'உழை' என்னும் வினைச்சொல்லும் தமிழில் உண்டு; அதன் பொருள் பாடுபடுதல். இவ்விரு சொற்களும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்று இங்கே வாதிடவில்லை. ஆயினும், பக்கத்தே செல்பவர் பாடுபடும் தொழிலாளியும் ஆவார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நோயாளியின் பக்கத்தில் நிற்பவர், அந்த நோயாளியைச் சூழ்ந்துள்ள ஆபத்தின் பக்கத்திலும் நிற்கிறார். அவருடைய பாதுகாப்பில் கையுறைக்கும் முகக்கவசத்துக்கும் எவ்வளவு பங்குண்டோ அவ்வளவு பங்கு நாம் பயன்படுத்தும் சொற்களுக்கும் உண்டு. இக்கட்டுரை அதனையே விளக்க முற்படுகிறது.

டிரசர் முதல் ஆம்புலன்ஸ் வரை

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த தலைமுறையினர்க்கு 'டிரசர்' என்னும் சொல் நன்கு தெரியும். காயத்துக்குக் கட்டுப்போடுபவர் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் தோட்டத்துத் தமிழில் இவ்வாறு நிலைபெற்றது. பால்மரம் சீவும்போது கத்தி பட்ட கை, பாம்பு தீண்டிய கால், மலேரியாக் காய்ச்சல், நள்ளிரவுப் பேறுகால வலி என எது நேர்ந்தாலும் லயத்து மக்கள் முதலில் ஓடியது அவரிடந்தான். தம்மால் இயலாதபோது அவர் நோயாளியை ஈப்போவிலோ பத்து காஜாவிலோ இருந்த அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது என்பது, அப்பணி எவ்வளவு இன்றியமையாததாக இருந்தது என்பதைக் காட்டுகிறது.

தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியபின் டிரசரின் இடத்தை 999 என்னும் எண் எடுத்துக்கொண்டது. அரசு மருத்துவமனைகளின் உதவி மருத்துவ அதிகாரிகள், தாதியர், வண்டி ஓட்டுநர் ஆகியோரோடு செம்பிறைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், பொதுத் தற்காப்புப் படை ஆகியவற்றைச் சேர்ந்தவர்களும் இப்பணியில் உள்ளனர். டிரசருக்குத் தோட்டத்தின் ஒவ்வொரு வீடும் தெரிந்திருந்தது. இன்றைய ஊழியரோ முன்பின் அறியாத வீட்டுக்குள், முன்பின் அறியாத மனிதர்களிடையே நுழைகிறார். அவருக்கு முன்கூட்டியே கிடைக்கும் செய்தி முழுவதும் தொலைபேசியில் நாம் சொல்லும் சில சொற்களே.

அவர் எதிர்கொள்ளும் ஆபத்துகள் பல. விரைவாக ஓட்டுவதால் வண்டியே விபத்துக்குள்ளாகலாம். கனமான நோயாளிகளைப் படிகளில் தூக்கி இறக்குவதால் முதுகெலும்பு பாதிக்கப்படலாம். ஊசி குத்துவதால் இரத்தவழித் தொற்று ஏற்படலாம். 2025 ஜூன் 9 அதிகாலையில் கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் நிகழ்ந்த பேருந்து விபத்தில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர் 15 பேர் உயிரிழந்ததை நாம் மறக்க இயலாது. அத்தகைய மலைச்சாலையில், இருளில், நசுங்கிய இரும்புக்கும் விரைந்து வரும் பிற வாகனங்களுக்கும் இடையே மீட்புப் பணி செய்வோர் தம் உயிரையும் கருதவேண்டியுள்ளது. அங்குக் கண்ட காட்சிகளை மனத்தில் சுமந்துகொண்டுதான் அவர்கள் மறுநாளும் பணிக்கு வரவேண்டும்.

பெயர் தவறினால் காப்பும் தவறும்

நோய்க்கு இடும் பெயருக்கும் அதனிடமிருந்து நம்மைக் காத்துக்கொள்ளும் முறைக்கும் உள்ள தொடர்பைக் கிந்தா வட்டாரமே உலகுக்குக் கற்பித்தது. 1998 செப்டம்பரில் ஈப்போவைச் சூழ்ந்த பன்றிப் பண்ணைப் பகுதிகளில் மூளையழற்சி நோய் தோன்றியது. முதலில் அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளையழற்சி என்றே கருதப்பட்டது. அப்பெயருக்கு ஏற்பக் கொசு ஒழிப்புப் புகை அடிக்கப்பட்டது, தடுப்பூசி போடப்பட்டது. நோயோ நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புதிய கிருமியொன்றைப் பிரித்தெடுத்தனர். நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது 'நிப்பா' எனப்பட்டது. அது நோயுற்ற பன்றிகளோடு நெருங்கிப் பழகியவர்களுக்குத் தொற்றியது என்று தெளிந்த பிறகே உரிய தடுப்பு தொடங்கியது. அதற்குள் 265 பேர் நோயுற்றிருந்தனர். 105 பேர் மாண்டனர்.

மலேசியாவில் மருத்துவமனை ஊழியரிடையே இக்கிருமி பரவியதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. ஆனால் அதே கிருமி 2018 மே மாதத்தில் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் தோன்றியபோது நிலைமை வேறாக இருந்தது. பேராம்பிரா அரசு மருத்துவமனையின் செவிலியர் லினி, நோயின் பெயர் தெரியுமுன்னரே நோயாளிக்குப் பணிவிடை செய்தார். மே 21 அன்று அவரே அந்நோய்க்குப் பலியானார். பெயரிடப்படாத நோயின் முன் முதலில் நிற்பவர் உழைச்செல்வாரே என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

அழைப்பின் மொழி

இனி நம் அன்றாடத் தமிழுக்கு வருவோம். நம் பேச்சுவழக்கில் 'மருந்து' என்பது நோய் தீர்ப்பதையும் குறிக்கும். பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி ஆகிய நஞ்சுகளையும் குறிக்கும். காட்டுக்கு மருந்து அடிப்பது தோட்டத்தில் நாள்தோறும் நடக்கும் வேலை. எனவே, 'மருந்து குடித்துவிட்டார்' என்றால் நஞ்சு அருந்திவிட்டார் என்று நமக்கு உடனே விளங்கும். அதையே பதற்றத்தில் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் சொன்னால், மாத்திரையை அளவுக்கு மீறி உட்கொண்டார் என்றே எதிர்முனையில் கேட்பவர் எண்ணுவார். இவ்வேறுபாடு நோயாளிக்கு மட்டும் உரியதன்று. சில பூச்சிக்கொல்லிகள் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும். நோயாளியின் ஆடையும் வாந்தியும் உதவ வருபவருக்கும் தீங்கு செய்யும். கையுறையோடும் காற்றோட்டத்தோடும் அணுக வேண்டிய நோயாளி அவர் என்பதை ஊழியர் முன்னரே அறிந்திருக்க வேண்டும். பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை உள்ளது. எனினும், தோட்டங்களிலும் வீடுகளிலும் பிற நஞ்சுகள் இன்னும் உள்ளன. 'நஞ்சு' என்று தெளிவாகச் சொல்வதும், குப்பியின் மேலுள்ள பெயரைப் படித்துச் சொல்வதும் இரண்டு உயிர்களைக் காக்கும்.

அடுத்து, 'அடிபட்டுவிட்டது' என்னும் தொடரை நோக்குக. 'படு' என்னும் துணைவினை, செயலுக்கு ஆளானவரை முன்னிறுத்தி, செய்தவரை மறைத்துவிடுகிறது. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவருக்கும் அடிபட்டது. கைகலப்பில் கத்தியால் வெட்டப்பட்டவருக்கும் அடிபட்டது. இலக்கணத்தில் இது ஓர் அழகிய வசதி. அவசர வேளையில் ஆபத்தான வசதி. வெட்டியவர் இன்னும் அவ்வீட்டு வாசலிலேயே நிற்கிறாரா என்பது வண்டியிலிருந்து இறங்குபவருக்குத் தெரியவேண்டாவா? மானம் கருதி, 'விழுந்துவிட்டார்' என்று சொல்லிவிடும் குடும்பங்களும் உண்டு. அங்கே குடும்ப மானத்துக்கு விலையாக முகமறியாத ஓர் ஊழியரின் உயிர் பணயம் வைக்கப்படுகிறது. சண்டை நடந்தது என்றால் சண்டை என்றே சொல்லவேண்டும்; காவல் துறையினர் உடன் வருவதற்கு அதுவே வழி.

இடப்பெயரும் இவ்வாறே. தோட்டத் தமிழர் தம் இடங்களுக்குத் தாமே பெயர் வைத்துக்கொண்டனர். பழைய லயம், புதுக்காடு, கோயிலடி, ஆற்றோரச் சடக்கு போன்ற வழக்குகள் பேசுவோர் நெஞ்சில் உள்ளன, நிலப்படத்தில் இல்லை. இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. பல தமிழ்ப்பள்ளிகள் தோட்டத்தைவிட்டு நகரோரத்துக்குப் பெயர்ந்த பின்னும் பழைய தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. பள்ளியின் பெயரை அடையாளமாகக் கேட்டு ஒருவர் இல்லாத தோட்டத்தைத் தேடிச் செல்லவும் கூடும். இருட்டில் வழி தவறிய வண்டி செம்மண் பாதையில் சிக்கினால் நோயாளிக்கு மட்டுமா கேடு? காலம் தாழ்ந்து வந்துசேரும் ஊழியர்மீதுதான் காத்திருந்தோரின் சினம் முழுவதும் பாய்கிறது.

அச்சம் கல்லெறியும்போது

அச்சினம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குச் சென்னையில் நிகழ்ந்த ஒன்று வேதனையான சான்று. 2020 ஏப்ரல் 19 அன்று நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாத் தொற்றால் மறைந்தார். அவருடைய உடலை அடக்கம் செய்யக் கொண்டுசென்ற ஆம்புலன்ஸ் வண்டியை ஒரு கூட்டம் மறித்துத் தாக்கியது. கண்ணாடிகள் நொறுங்கின, ஊழியர்கள் காயமுற்றனர். இறுதியில், உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் சிலரின் துணையோடு நள்ளிரவில் அவ்வுடலைத் தாமே புதைக்க நேர்ந்தது. புதைத்த உடலிலிருந்து தொற்று தெருவெங்கும் பரவும் என்னும் பொய்ச்செய்தியே அக்கூட்டத்தைத் திரட்டியது. ஆராயாமல் வாய்க்கு வாய் பரவிய சொல்லே அங்குக் கல்லாக மாறியது.

இது ஏதோ ஓரிடத்து அவலமன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, சுகாதாரப் பணியாளருள் 8 முதல் 38 விழுக்காட்டினர் தம் பணிக்காலத்தில் ஒருமுறையேனும் உடல்வன்முறைக்கு ஆளாகின்றனர். வசையும் மிரட்டலும் இக்கணக்கில் சேரா.

தொண்டா, தொழிலா?

இவ்வளவையும் அறிந்த பின்னரும் நாம் பெரும்பாலும் அவர்களைப் புகழ்வதோடு அமைகிறோம். தொண்டு, தியாகம், தெய்வம் என்னும் சொற்களைத் தாராளமாக வழங்குகிறோம். இச்சொற்கள் பொய்யல்ல, ஆனால் இவற்றுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. தெய்வத்துக்குப் பசியும் உறக்கமும் இல்லை. தியாகம் செய்பவர் கூலி கேட்கலாகாது என்றும் வசையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் நாம் அறியாமலே எதிர்பார்க்கத் தொடங்குகிறோம். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையின் ஊழியர்கள், பன்னிரண்டு மணி நேரப் பணியை எட்டு மணி நேரமாகக் குறைக்க வேண்டும் என்று பலமுறை போராடியுள்ளனர். தொண்டு என்னும் சொல்லுக்குள் வேலைநேரக் கணக்கு மறைந்துபோவதை இது காட்டுகிறது.

சட்டத்தின் மொழி இதனினும் தெளிவானது. நம் நாட்டின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் ஊழியரின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக்குகிறது. அதன் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து உண்டென்று நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதனை நீக்காதபோது, அவ்விடத்தைவிட்டு விலகும் உரிமையை அது ஊழியருக்கு அளிக்கிறது. சாலையோரமும் நோயாளியின் வீட்டுக் கூடமும் ஆம்புலன்ஸ் ஊழியரின் வேலையிடங்களே என்பதை உணர்ந்தால், காவலரின் வருகைக்காக வாசலில் சிறிது நேரம் நிற்பவரைக் கோழை என்று ஏசமாட்டோம்.

மனநலத்துக்கும் இது பொருந்தும். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டில் 'பணிச்சோர்வு' என்னும் கருத்தை விளக்கியது. சரிவரக் கையாளப்படாத நீண்டகால வேலையழுத்தத்தின் விளைவு அது. ஆற்றல் வற்றுதல், பணியிலிருந்து மனம் விலகுதல், திறன் குன்றியதாக உணர்தல் ஆகியன அதன் கூறுகள். குறிப்பிடத்தக்கது யாதெனில், அதனை நோய் என்னாமல் தொழில்சார் நிகழ்வு என்று அந்நிறுவனம் வரையறுத்தது. அதாவது, குறை ஊழியரின் மனவுறுதியில் இல்லை, வேலையமைப்பில் உள்ளது. 'மனம் தளராதே' என்னும் அறிவுரை இங்குப் போதாது. போதிய ஓய்வு, துயரக் காட்சிக்குப் பின் பேசுவதற்கு ஒரு துணை, பணிமுறையில் மாற்றம் ஆகியனவே மருந்து.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

ஆசிரியர்கள் இதனை மொழிப்பாடத்தின் ஒரு பகுதியாகவே கற்பிக்கலாம். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டின் அதிகாரமுறை முகவரியையும், அவ்விடத்துக்கு வழங்கும் தமிழ்ப் பெயரையும், அருகிலுள்ள அடையாளத்தையும் எழுதிப் பழகட்டும். இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் அழைப்பவராகவும் மற்றவர் 999இல் பேசுபவராகவும் நடிக்கட்டும். எங்கே, என்ன நேர்ந்தது, எத்தனை பேர், மூச்சு இருக்கிறதா, அங்கு வேறு ஆபத்து உண்டா என்னும் ஐந்து வினாக்களுக்கும் தமிழிலும் மலாயிலும் விடை சொல்லட்டும். ஐந்தாம் வினாவே ஊழியருக்கானது. கட்டவிழ்ந்த நாய், அறுந்த மின்கம்பி, வெறிகொண்ட மனிதர், நஞ்சு, வெள்ளம் என எதுவாயினும் மறைக்காமல் சொல்லப் பழகவேண்டும். சந்தியில் கைவிளக்கோடு ஒருவரை நிறுத்திவைப்பதும் அவ்விடையின் ஒரு பகுதியே.

மேல்நிலை மாணவர்கள் தங்கள் பாட்டன் பாட்டியரிடம் கேட்டுப் பழைய தோட்ட இடப்பெயர்களைத் திரட்டி, இன்றைய பெயர்களோடு ஒப்பிட்டு அட்டவணை செய்யலாம். அது மொழியியல் களப்பணியாகவும் அமையும். வட்டார மருத்துவமனைக்கு அளித்தால் நள்ளிரவில் ஒரு வண்டிக்கு வழிகாட்டவும் செய்யும். அவ்வண்டியில் வருபவரும் ஒரு வீட்டிலிருந்து வந்தவரே. பணி முடிந்து அவர் நலமாக அங்குத் திரும்பிச் சேர்வதில் நம் தெளிவான சொல்லுக்கும் பங்குண்டு.